போட் மெயில் தடம்: டெல்டாவைப் பகலில் கடக்க எந்த வண்டி, எந்தப் பக்கம், எந்த மாதம்

இலங்கைக் கப்பலோடு இணைப்பதற்காக ஓடிய பழைய ரயில் போட் மெயில். அது இன்றும் ஓடுகிறது. 16751 என்ற எண்ணில் மாலையில் எழும்பூரை விட்டுக் கிளம்பி, விழுப்புரம், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு ராமேஸ்வரம் போய்ச் சேர்கிறது. பழைய தடத்தில் ஒருமுறை போய்வர ஆசைப்படுகிறவர்கள் முதலில் இதற்குத்தான் டிக்கெட் எடுப்பார்கள். ராமேஸ்வரம் போக இது நல்ல வண்டி. தடத்தைப் பார்க்க உதவாது. விழுப்புரம் வருவதற்குள் இருட்டிவிடும். கொள்ளிடம் பாலம், மாயவரம் (மயிலாடுதுறையின் பழைய பெயர்) காவிரி, பாபநாசத்து வயல் எல்லாம் தூக்கத்தில் போய்விடும். எதிர்த்திசையில் வரும் 16752ம் டெல்டாவை இரவில்தான் தாண்டுகிறது. ஆகவே பெயரை விட்டுவிட்டு, அதே தண்டவாளத்தில் பகலில் ஓடும் வண்டிகளைப் பிடிப்பதே சரி.

தடம் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் இலங்கைக்கான கப்பல் தூத்துக்குடியில் காத்திருந்தது. ரயிலும் அங்கேதான் போனது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தபின் முனை தனுஷ்கோடிக்கு மாறியது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், பிறகு இலங்கை ரயிலில் கொழும்பு கோட்டை. சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்குப் பிறகு ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றது. திருச்சிக்குத் தெற்கே வழி மதுரை பக்கமாகவும் பின்னாளில் புதுக்கோட்டை பக்கமாகவும் மாறியிருக்கிறது. இத்தனை மாற்றத்துக்கும் அசையாமல் இருந்த துண்டு, விழுப்புரத்திலிருந்து கடலூர், மாயவரம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போகும் மெயின் லைன். தடம் தேடுகிறவர் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

மெயின் லைன் என்ற சொல்லைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. விருத்தாசலம், அரியலூர் வழியாக நேராகத் திருச்சி போவது கார்டு லைன். அது 1920களின் கடைசியில் வந்தது. எழும்பூரிலிருந்து திருச்சிக்குக் கார்டில் 337 கிலோமீட்டர், மெயினில் 401. வேகமான வண்டிகள் பெரும்பாலும் கார்டில் போகின்றன. திருச்சி என்று மட்டும் பார்த்து டிக்கெட் எடுத்தால் டெல்டாவின் ஒரு வாய்க்காலைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். முன்பதிவில்லா டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். டிக்கெட்டில் வழி அச்சாகியிருக்கும். கார்டு வழி டிக்கெட் மெயின் லைனில் செல்லாது. கவுண்டரில், "திருச்சி ஒண்ணு, கும்பகோணம் வழி" என்று சொல்லி வாங்குங்கள். செயலியில் எடுத்தால் வழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

டிக்கெட்டில் இன்னொரு தவறும் நடக்கிறது. ராமேஸ்வரம் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்துக்கொண்டு, வழியில் கும்பகோணத்தில் இறங்கி ஒருநாள் தங்கிவிட்டுப் பிறகு தொடரலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். நடுவில் இறங்கித் தங்கும் சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுகளுக்கு மட்டும்தான். அதிலும் முதல் 500 கிலோமீட்டரை ஓடி முடித்த பிறகுதான் இறங்கலாம். எழும்பூரிலிருந்து கணக்கிட்டால் கும்பகோணம் 312, தஞ்சாவூர் 351. டெல்டா முழுக்க அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. எங்கெங்கே இறங்குகிறீர்களோ அங்கங்கே முடித்துத் தனித்தனி டிக்கெட் எடுப்பதே ஒரே வழி. பணம் பெரிதாகப் போகாது. சாதாரணப் பயணிகள் வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வரையிலான 31 கிலோமீட்டர் அதற்குள் வந்துவிடும். எக்ஸ்பிரஸில் குறைந்தபட்சம் 30.

பகல் வண்டிகளில் முதலிடம் சோழன் எக்ஸ்பிரஸுக்கு. 22675 காலையில் எழும்பூரில் கிளம்பி, நண்பகலை ஒட்டி டெல்டாவைக் கடந்து, பிற்பகலில் திருச்சி சேர்கிறது. எதிர்த்திசையில் 22676ம் பகல் வண்டியே. போட் மெயிலின் எழும்பூர்–திருச்சித் துண்டை ஒரே இருக்கையில், முழு வெளிச்சத்தில் பார்த்து முடிக்க இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. பொதுப்பெட்டியில் ஏறுகிறவர்கள் இது சூப்பர்ஃபாஸ்ட் என்பதை மறக்கக் கூடாது. சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு ஏறினால் பரிசோதகரிடம் மாட்டுவீர்கள். கூடுதல் கட்டணம் 15 ரூபாய்தான், முதலிலேயே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஏசிப் பெட்டி வேண்டாம். கண்ணாடி திறக்காது, அதன் நிறம் பச்சையை மங்கடித்துவிடும், சேற்றின் வாசனையும் வராது. ஜன்னல் திறக்கும் பெட்டியாகப் பாருங்கள். ஸ்லீப்பர் கிடைத்தால் 7, 15, 23 என்று எட்டு எட்டாகக் கூடும் பக்கவாட்டுக் கீழ் இருக்கையில் தனி ஜன்னல் உண்டு. ஆனால் ஆர்ஏசி என்றால் அதையே இன்னொருவரோடு பங்கிட வேண்டியிருக்கும். எதிர்ப்பக்க ஜன்னலுக்கு 1, 4, 9, 12 என்று போகும் கீழ்ப் படுக்கைகள். பெட்டி எந்த முகமாக இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இவை வலமாகவோ இடமாகவோ அமையும். எண்ணை மட்டும் வைத்துப் பக்கத்தை உறுதி செய்ய முடியாது.

தெற்கே போகும்போது வலப்பக்கமே நல்லது. காரணம் எளிது. கடலூரிலிருந்து மயிலாடுதுறை வரை வண்டி தெற்கு நோக்கிப் போகிறது. காலை வெயில் கிழக்கே, அதாவது இடப்பக்கம் அடிக்கும். மயிலாடுதுறைக்குப் பிறகு மேற்கே திரும்புகிறது. மார்கழி, தை மாதங்களில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அப்போதும் வெயில் இடப்பக்கமே. வலப்பக்கம் வழிநெடுக நிழல். சிதம்பரத்தில் கோயில் இருக்கும் திசையும், தஞ்சாவூர் தாண்டியதும் பெரிய கோயில் விமானம் தெரியும் திசையும் அதே பக்கம்தான். எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சிகள் இடப்பக்கம்; ஆனால் மயிலாடுதுறைக்கு வடக்கே பிற்பகல் வெயிலும் அந்தப் பக்கமே அடிக்கும்.

விழுப்புரத்திலிருந்து கடலூர் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடலூர் நகரத்துக்கு இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஊருக்கான நிலையம் திருப்பாதிரிப்புலியூர். கடலூர் துறைமுகச் சந்திப்பு பழைய ஊர்ப் பக்கம் இருக்கிறது. பரங்கிப்பேட்டை தாண்டியதும் வெள்ளாறு; இங்கே கடலுக்கு நெருக்கம் என்பதால் ஆறு அகலமாக, உப்புக் கலந்து கிடக்கும்.

டெல்டாவின் வாசல் சிதம்பரத்துக்குத் தெற்கே, வல்லம்படுகை நிலையத்துக்குப் பிறகு வருகிறது. வண்டி நீளமான பாலத்தில் ஏறும். இதைக் காவிரி என்று நினைத்துப் படமெடுக்கிறவர்கள் ஏராளம், இது கொள்ளிடம். டெல்டாவில் ரயில் கடக்கும் ஆறுகளில் மிக அகலமானது இதுதான். உண்மையான காவிரி இன்னும் தெற்கே, மயிலாடுதுறை நிலையத்துக்குச் சற்று முன்னால், ஒரு சிறு பாலத்தின் கீழே ஒடுங்கிப் போகிறது. கண் இமைத்தால் தவறிவிடும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் மேலே இருக்கிறது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் வெள்ளத்தைச் சுமக்கும் கிளை. காவிரியோ கல்லணையில் வெண்ணாறாகவும் புது ஆறாகவும் பங்கு கொடுத்து, அதற்குப் பிறகும் கிளை கிளையாகப் பிரிந்து, வயலுக்கு வயல் நீரைக் கொடுத்துவிட்டு, மாயவரம் வரும்போது வாய்க்காலுக்கு அண்ணன் என்ற அளவுக்கு இளைத்துவிடுகிறது. ஒரே இருக்கையில் உட்கார்ந்தபடி ஒரு மணி நேரத்துக்குள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க முடிவதே இந்தப் பாதையின் பெரிய கொடை. கொள்ளிடம் தாண்டியதும் எழுந்து கைகழுவப் போய்விடாதீர்கள்; சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில், ஆனந்ததாண்டவபுரம் போனபின் ஜன்னலை விட்டு நகரக் கூடாது.

மயிலாடுதுறைச் சந்திப்பில் இறங்கிக் கொஞ்ச நேரம் செலவிடுவது நல்லது. ஊரின் பெயர் 1982இல் மாறியது, ரயில்வே குறியீடு இன்னும் மாயவரத்தின் எம்.வி. தான். சீர்காழிக்கு எஸ்.ஒய்.; ஷியாளி என்று ஆங்கிலேயர் எழுதியதன் மிச்சம். திருச்சிக்கு டி.பி.ஜே.; திருச்சினாப்பள்ளிச் சந்திப்பு. டிக்கெட் எடுக்கும்போது இந்தக் குறியீடுகள் தெரிந்திருந்தால் தேடும் வேலை மிச்சம். இங்கிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926இல் திறந்த மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) கிளை ஒன்று இருந்தது. 1980களில் மூடிவிட்டார்கள். மெயின் லைனிலும் விழுப்புரம்–மயிலாடுதுறைத் துண்டு அகலப்பாதைப் பணிக்காக 2006 கடைசியில் மூடப்பட்டு, 2010இல்தான் மறுபடி திறந்தது. இன்று ஓடுவது மின்சார வண்டிகள்.

மயிலாடுதுறையிலிருந்து பாபநாசம் வரையுள்ள துண்டுதான் இந்தத் தடத்தின் இதயம். நேரம் ஒரு நாள்தான் என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யலாம். குத்தாலம், நரசிங்கன்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர், திருநாகேஸ்வரம், கும்பகோணம், தாராசுரம், சுவாமிமலை, சுந்தரப்பெருமாள்கோயில், பாபநாசம்: நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம். ஏடிடி என்று தொடங்கும் நெல் ரகங்களின் பெயரே அந்த ஊர்தான். சுவாமிமலை, வார்ப்புச் சிலைக்குப் பெயர் பெற்றது. எக்ஸ்பிரஸ் வண்டிகள் இவற்றில் பலவற்றில் நிற்காது. அதனால் எங்கள் பரிந்துரை: சோழனில் மயிலாடுதுறை வரை வந்து இறங்கி, அங்கிருந்து பயணிகள் வண்டியில் ஏறுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும். நின்ற இடத்தில் வயல் நடைமேடை வரை வந்து நிற்கும்.

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வரை பாதை காவிரிக்குத் தென்கரையில், அதோடு ஏறக்குறைய இணையாகப் போகிறது. அதனால் பெரிய பாலம் அதிகமில்லை. சிறு மதகுகளும் வாய்க்கால்களும்தான். தண்டவாளம் வயலைவிட உயரமான மண்கரையில் ஓடுவதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வாய்க்காலும் அதன் கீழே வழிவிடப்பட்டுப் போக வேண்டும். ஒன்றை அடைத்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, மழைக்காலத்தில் ஒருபக்க வயல் மூழ்கும். கும்பகோணம் தாண்டியதும் பாதை தென்மேற்காகச் சாய்ந்து, காவிரியின் கிளைகளைக் குறுக்கே வெட்டத் தொடங்குகிறது. திட்டைக்கு இருபுறமும் வெட்டாறு, வெண்ணாறு, தஞ்சாவூருக்குச் சற்று முன் வடவாறு என்று பாலத்துக்குப் பாலம் சக்கரத்தின் ஓசை மாறுவதைக் கண்ணை மூடிக்கொண்டே எண்ணலாம்.

தஞ்சாவூருக்குப் பிறகு நிலம் மேடாகிறது, பாதையும் இரட்டைப் பாதையாகிறது. ஆலக்குடி, பூதலூர், திருவெறும்பூர், பொன்மலை என்று 50 கிலோமீட்டரும் விறுவிறுவென்று போய்விடும். இந்தத் துண்டு போட் மெயிலைவிட மூத்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும், திருச்சிக்கு 1862இலும் ரயில் வந்துவிட்டது. அப்போது அது அகலப்பாதை. 1870களில் அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுபடி அகலமாக்கினார்கள். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை 1920களில் பொன்மலைக்கு வந்தது. நீலகிரி மலை ரயிலுக்கான நீராவி எஞ்சின்களைக் கட்டும் இடம் அதுதான்.

இனி குறைகள். விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை 190 கிலோமீட்டருக்கு மேல் இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிரே ஒரு வண்டி வந்தால், இரண்டில் ஒன்று லூப்பில், அதாவது நிலையத்தின் பக்கத் தடத்தில், ஒதுங்கி நின்றாக வேண்டும். இதை எல்லோரும் கிராசிங் என்பார்கள். எதிர்வண்டி தாமதமானால் நீங்கள் ஏறிய வண்டி சரியான நேரத்தில் கிளம்பியிருந்தாலும் காத்துக்கிடக்கும். முன்னுரிமை எக்ஸ்பிரஸுக்கு, ஒதுங்குவது பயணிகள் வண்டி. ஆகவே பயணிகள் வண்டியில் வந்து இன்னொன்றைப் பிடிக்கத் திட்டமிட்டால் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். அன்றைய கடைசி வண்டி என்றால் இரண்டு மணி நேரம். கிராசிங்குக்கு நிற்கும்போது இறங்கி நடைமேடையின் கோடிவரை போய்விடாதீர்கள். எதிர்வண்டி கடந்ததும் சிக்னல் விழுந்துவிடும், வண்டி யாருக்கும் காத்திருக்காது.

வண்டி தவறினால் மாற்று உண்டு. மயிலாடுதுறையிலிருந்து செங்கோட்டை போகும் 16847 பகலில் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாகத்தான் போகிறது. கோயம்புத்தூர் ஜனசதாப்தி 12083 பிற்பகலில் கிளம்புகிறது; அது முழுக்க முன்பதிவு இருக்கைகள் கொண்ட வண்டி என்பதால் தடம் பார்க்கிறவர்களுக்கு இரண்டாம்பட்சம். உழவன், மன்னை எக்ஸ்பிரஸ்கள் இரண்டும் இரவு வண்டிகள். இந்தக் காரியத்துக்கு வேண்டாம். நேர அட்டவணை அவ்வப்போது மாறுவதால், முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துவிட்டே கிளம்புங்கள். முகூர்த்த நாள்களில் பொதுப்பெட்டியில் ஜன்னல் கனவு காண வேண்டாம். திருவிடைமருதூர், கும்பகோணம் இரண்டிலும் கூட்டம் ஏறும்.

மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தப் பயணத்துக்குப் பொருள். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கும்; கல்லணை தாண்டிக் கடைமடை வரை நீர் வந்துசேர மேலும் நாளாகும். ஜூலையில் குறுவை நாற்றின் இளம்பச்சை. செப்டம்பர், அக்டோபரில் ஒரு வயலில் குறுவை அறுவடை, பக்கத்து வயலில் சம்பா நடவு, இன்னொன்றில் தாளடிக்கு உழவு. விவசாயம் தெரிந்தவர்களுக்கு இந்த நேரம்தான் மிகவும் பிடிக்கும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. பச்சை கொழிக்கும், புயல் வந்தால் வண்டிகள் ரத்தாகும். டிசம்பர் கடைசியிலிருந்து பொங்கல் வரை சம்பா கதிர் பழுத்துத் தலைசாயும். கண்ணுக்கு அதுவே உச்சம். பிப்ரவரிக்குப் பிறகு அறுத்த தாளின் நடுவே உளுந்தும் பயறும் மட்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறெல்லாம் மணல். அப்போது வந்துவிட்டு டெல்டா ஏமாற்றியது என்று சொல்வது நியாயமில்லை.

மயிலாடுதுறையிலிருந்து தெற்கே இன்னொரு வழியும் இருக்கிறது. திருவாரூர், திருத்துறைப்பூண்டி, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி. மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடிய பாதை. 2019இல் அகலப்பாதையாகத் திரும்பக் கிடைத்தபோது கேட்டுகளுக்கு ஆள் போதாமல், வண்டியிலேயே கேட் கீப்பர் வந்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடித் திறந்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு தொடங்கிய தாம்பரம்–ராமேஸ்வரம் 16103 இப்போது இந்த வழியில்தான் போகிறது. ஆனால் அதுவும் இரவு வண்டி. போட் மெயில் தடத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல், தனிப்பயணமாக வைத்துக்கொள்வது நல்லது.

திருச்சியில் ஓரிரவு தங்குங்கள். மறுநாள் காலை 16849 திருச்சி–ராமேஸ்வரம் வண்டி. புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை வழியாகப் பகலிலேயே கடலைத் தாண்டலாம். மண்டபம் நிலையம் வந்ததும் இடமோ வலமோ பார்க்காமல் ஏதாவதொரு கதவோர ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் 72.5 மீட்டர் நீளப் பகுதியைக் கொண்ட புதிய பாலத்தில் வண்டி மெதுவாக ஏறும். பக்கத்திலேயே, 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பழைய பாலம். போட் மெயிலைத் தனுஷ்கோடிக்குக் கொண்டுபோனது அதுதான்.